மூன்றாம் எண்ணின் வட்டங்கள்

நத்தையின் வயிற்றில் ஆறு புள்ளிகள் இருந்தன.

சோடா தன் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினாள். ஆறுதான். நேற்றுவரை அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இருந்ததாக யாருக்கும் தெரியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மாட்டியது போன்ற தடித்த கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கண்ணில் படாத மங்கல் புள்ளியையெல்லாம் அவள் பிடித்துவிடுவாள் என்பதுதான் வேடிக்கை. கேலியாகத் தொடங்கிய பெயர், மரியாதையாகி, கடைசியில் வெறும் பெயராகவே நின்றுவிட்டது. கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான். அவனுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. அவனை எல்லோரும் நிதானம் என்பார்கள். லிஃப்ட் கதவு மூடப்போகிறது என்று தெரிந்தாலும் நடையை எட்டிப் போடாத மனிதன்.

நத்தை என்பது ஒரு விண்மீன் திரள். பட்டியலில் அதற்கு நீளமான எண் ஒன்று உண்டு. ஆனால் சுருண்டு கிடக்கும் வடிவத்தைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ நத்தை என்று சொல்ல, அதுவே ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் திரள்களில் ஒன்று கிழிந்த செருப்பு, இன்னொன்று உடைந்த முட்டை. விண்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும் திரள்கள் இவை. அப்படிப் பிறக்கும் இடத்தில் சாவுக்கும் குறைவிருக்காது. பெரிய விண்மீன்கள் அவசரக்காரர்கள்; பிறந்த கொஞ்ச காலத்துக்குள் வெடித்துப் போவார்கள். அந்த வெடிப்புகளில் சூடேறிய வாயு, பல லட்சம் டிகிரிச் சூட்டோடு திரள் முழுவதும் பரவி, எக்ஸ் கதிரில் மங்கலாக ஒளிவிடும். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி அனுப்பும் படங்களில் அந்த மங்கல் ஒளி எவ்வளவு என்று அளப்பதுதான் இவர்கள் பிழைப்பு.

அதில் ஒரு தொல்லை உண்டு. செத்த விண்மீன் சில சமயம் தனியாகக் கிடக்காது. உயிரோடிருக்கும் துணையைப் பிடித்துக்கொண்டு, அதன் வாயுவை உறிஞ்சித் தின்றுகொண்டே இருக்கும். அந்தத் தீனியிலிருந்தும் எக்ஸ் கதிர் வரும், கூர்மையான புள்ளியாக. ஆகவே வாயுவை அளக்குமுன் ஒவ்வொரு புள்ளியையும் வட்டம் போட்டு வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் ஓட்டை விழும். ஓட்டையைச் சுற்றியுள்ள வாயுவின் அளவைப் பார்த்து, உள்ளேயும் அதேபோலத்தான் இருக்கும் என்று கணக்கிட்டு நிரப்பிவிடுவார்கள். நிரப்பிய பிறகு பார்த்தால் அங்கே ஓட்டை இருந்ததே தெரியாது. ஆனால் வட்டம் போட மறந்த புள்ளி அப்படியே தங்கி, தன் ஒளியையும் வாயுவின் கணக்கில் சேர்த்துவிடும்.

அதனால்தான் அந்தக் குழுவில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. நெரிசலான இடங்களில் கணினி இரண்டு மூன்று புள்ளிகளை ஒன்றாகக் குழப்பிவிடும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து, ஒருவர் பட்டியலை ஒருவர் பார்க்காமல் வட்டம் போடுவார்கள். பட்டியலில் பெயர் இருக்காது, எண் மட்டும். அவள் மூன்றாம் எண், அவன் ஐந்தாம் எண். ஒருவர் கண்ணில் பட்டு மற்றவர் கண்ணில் படாத புள்ளிகளைப் பிறகு எல்லோருமாக மேசையில் போட்டு அலசுவார்கள். கல்யாணமான புதிதில், வட்டம் போடும் நாட்களில் வீட்டில் திரளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். மீறினால் அன்றைக்குப் பாத்திரம் முழுவதும் மீறியவர் தலையில். அவன் ஒரு நாள்கூட மீறியதில்லை.

இப்போது வந்திருப்பது புதிய படம். பழையது பதினோரு மணி நேர ஒளியைச் சேர்த்து எடுத்தது. இது நாற்பத்தைந்து மணி நேரம். பழைய படத்தில் நத்தையின் வயிறு பளிச்சென்று இருந்தது, அது வாயு என்று எழுதினார்கள். புதியதில் அந்தப் பளிச்சே ஆறு புள்ளிகளாகப் பிரிந்து கிடந்தது.

பழையதை எடுத்துத் திரையில் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிலேயே ஆறில் நான்கு அவள் கண்ணுக்குத் தெரிந்தன. மங்கல்தான், ஆனால் அவளுக்குத் தெரியாத மங்கல் இல்லை. அன்றைக்கு என் கண்ணை எங்கே அடகு வைத்திருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. நத்தைக்கு அவள் வட்டமே போடவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். அவளுக்கு ஒன்பது திரள்கள் பாக்கி. அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் போக ஆரம்பித்தது. குழந்தை பிறக்க இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. நிலையத்துக்கு எதிர்ச்சாரியில்தான் மருத்துவமனை. மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, அந்த ஒன்பதையும் குழுத் தலைவியான மேடம் வேறு ஆளை வைத்து முடித்துவிட்டார் என்று கணவன் சொன்னான். யார் அந்த ஆள் என்று கேட்கிற நிலையில் அவள் இல்லை.

யார் என்று பார்க்க இப்போது கோப்பைத் திறந்தாள். எண் மூன்று.

ஒன்பதுக்கும் எண் மூன்று.

தன் பட்டியல் எதுவென்று அவளுக்குத் தெரியாதா? அவள் எப்போதும் இடது மேல் மூலையில் தொடங்கி உள்ளே வருவாள், தரை துடைக்கிற மாதிரி. திரளின் நடுவில் தொடங்கி வெளியே போவது அவனுடைய பழக்கம். தோசை சுடுகிற மாதிரி வேலை செய்கிறாய் என்று அவள் கேலி செய்திருக்கிறாள். ஒன்பது பட்டியலும் நடுவில்தான் தொடங்கின. ஐந்தாம் எண்ணின் வட்டங்கள் ஏறக்குறைய அத்தனையும் அவற்றில் இருந்தன, கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தி. நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டொரு வட்டத்தை விட்டும் இருந்தான். இரண்டு கண் பார்த்ததாகச் சொன்ன இடத்தில் ஒரே கண்தான் பார்த்திருக்கிறது, அதுவும் நிச்சயமில்லாத எதையும் தொடாத நிதானமான கண்.

அந்த ஒன்பதும் எந்த ஒன்பது என்று பார்க்கவும் அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்தது. எத்தனை விண்மீன் பிறந்தால் எவ்வளவு சூடான வாயு என்று அவர்கள் வரைபடத்தில் இழுத்த கோட்டுக்கு மேலே, தனியாக எழும்பி நின்றவை அவைதான். சில திரள்களில் வாயு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு இருக்கிறது என்ற பெரிய கண்டுபிடிப்பு. அதை வைத்துத்தான் அவன் துணைத் தலைவர் ஆனான். எத்தனையோ பேர் அதை நம்பித் தங்கள் கட்டுரைகளை எழுதியிருந்தார்கள்.

அத்தோடு கோப்பை மூடியிருந்தால் அது வெறும் வேலைச் சிக்கலாகவே போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் அதைப் போட்ட நேரம் பதிவாகியிருக்கும். தேதியை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. முதல் வட்டம் மதியம் இரண்டு ஐந்துக்கு. கடைசி வட்டம் ஐந்து நாற்பதுக்கு.

மகள் பிறந்தது ஒன்று ஐம்பதுக்கு. போனது மூன்று முப்பதுக்கு.

அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. ஒரு துணிச் சுருளை மட்டும்தான் காட்டினார்கள். உயிரோடு பார்த்தவன் அவன்தான். கடைசிவரை கூடவே நின்றதாகச் சொன்னான். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள், என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள், மூக்கு உன்னுடையது என்று சொன்னான். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அவள் கேட்பாள், அவன் சொல்வான். வருடத்துக்கு ஒரு சேதி கூடும். இரண்டாம் வருடம் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். மூன்றாம் வருடம் ஒரு தும்மல். மறந்துபோனது நினைவுக்கு வருகிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். மகள் என்று அவளிடம் இருந்த சொத்து அவ்வளவுதான். போட்டோ இல்லை, பெயர்கூட வைக்கவில்லை.

ஐந்தாவது பட்டியல்தான் நத்தை. முதல் வட்டம் மூன்று முப்பத்தொன்றுக்கு. இரண்டாவது மூன்று முப்பத்து நான்குக்கு. அதன் பிறகு இருபத்தொரு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது வட்டம் மூன்று ஐம்பத்தைந்துக்கு.

அவள் அந்த இருபத்தொரு நிமிட வெறுமையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குப் போனபோது அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு துண்டும் ஒரே அளவாக. நிலையம் கொடுத்த குடியிருப்பு அது. இரண்டு அறை, ஒரு கூடம், துணி காய ஒரு மூலை. அவன் அக்காவும் அவர்களோடுதான் வசித்தாள்; சோடா அவளை அண்ணி என்பாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். அவள் ஷிஃப்ட் முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நத்தையின் மூன்றாம் எண் பட்டியலைப் போட்டது யார் என்று சோடா கேட்டாள். கத்தி நின்றது. அவன் மறுக்கவில்லை. ஆறு வருடமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல, ஒரு மாதிரி அசதியோடு எல்லாவற்றையும் சொன்னான். அன்று ஆறு மணிக்குள் பட்டியல் கொடுக்காதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அவளுக்கு இந்த வேலைதான் உயிர் என்று அவனுக்குத் தெரியும். அவள் கடவுச்சொல்லும் தெரியும். எவ்வளவு தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தானாம்.

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வழியும் சொன்னான். அந்தப் பட்டியல் அவளுடையது என்றே இருக்கட்டும். உடம்பு சரியில்லாத நேரத்தில் போட்டது, சில புள்ளிகள் தப்பிவிட்டன. தெரியாமல் செய்த பிழைக்கு ஒரு திருத்தக் கட்டுரை போதும், யாரையும் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அடுத்தவர் பெயரில் பட்டியல் போட்டது தெரிந்தால் அவன் இந்தத் துறையிலேயே தலைகாட்ட முடியாது. வேலை போகும், வீடு போகும். விளைவைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூணு முப்பத்தி நாலுக்கு என்ன ஆச்சு?"

அவன் நறுக்கிய துண்டுகளைக் கையால் ஓரமாகக் குவித்தான். "அக்கா போன் பண்ணா."

"அப்ப நீங்க அங்க இல்ல."

தனியாக இருக்கும்போது அவள் அவனை நீ என்றுதான் சொல்வாள். நீங்க என்பது அண்ணி முன்னாலும் அலுவலகத்திலும் மட்டும். அந்த ஒரு சொல்லில் அவன் முகம் மாறிவிட்டது.

"வாசல் வரைக்கும் வந்தேன், சோடா. கண்ணாடி வழியா பார்த்தேன். குழாயும் டேப்பும்தான் தெரிஞ்சுது, நடுவுல புள்ளை எங்க இருக்குன்னே தெரியல. நர்ஸ் உள்ள வாங்கன்னாங்க. கால் வரல. அவளுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. உனக்கு ஒன்பது பாக்கி இருந்துச்சு. அது என்னால முடியும்."

"போன் வந்த பிறகும் உக்காந்து போட்டிருக்கீங்க."

"அஞ்சு பாக்கி இருந்துச்சு" என்றான். அப்புறம் தணிந்த குரலில், "நீ கண்ணு முழிச்சதும் அவ எப்படி இருந்தான்னு கேட்டே. நான் என்ன சொல்லட்டும்?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். கரண்ட் இல்லாமல் இயந்திரம் நின்றுவிட்டது, முதலாளி முகத்தைப் பார்த்தாலே ஷாக் அடிக்குது, அதை வெச்சே ரெண்டு மெஷின் ஓட்டலாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கினவன் கண்ணில் தண்ணி வந்தா சரி, நறுக்காதவ கண்ணில் ஏன் வருது என்று கேட்டாள்.

படுக்கப் போகுமுன் சோடா அவனிடம் சொன்னாள், திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது, மேடத்திடம் அவனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று. அவன் சரி என்று தலையாட்டினான்.

*

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேடம் கண்டிப்புக்குப் பேர் போனவர். கட்டுரையில் கால் புள்ளி இடம் மாறியிருந்தால்கூட விடமாட்டார். அந்த மேடம் எழுந்து வந்து கதவைச் சாத்தி, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் கை வைத்தபோதே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

நிதானம் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக மேடம் சொன்னார். அன்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்குமுன், கட்டிலில் படுத்தபடியே மடிக்கணினியை வாங்கி, வலியோடு வலியாக ஒன்பது திரளுக்கும் அவள் வட்டம் போட்டு முடித்த கதை. வேண்டாம் என்று அவன் கெஞ்சியும் கேட்கவில்லையாம். அப்படி ஒரு நிலையில் நாலைந்து புள்ளி தப்பியதற்கு யார் குறை சொல்லப் போகிறார்கள்? மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. முப்பது வருட வேலையில் இப்படி ஒரு கடமையுணர்ச்சியைத் தான் பார்த்ததில்லை என்றார்.

சோடாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வரும் போலிருந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறான். சுற்றிலும் இருப்பது அத்தனையும் உண்மை: கட்டில், வலி, ஒன்பது, கடைசி நாள். நடுவில் இருந்த ஓட்டையை மட்டும் அதே நிறத்தில் நிரப்பிவிட்டான். கூர்ந்து பார்த்தாலும் விளிம்பு தெரியாது.

மேசையில் திருத்தக் குறிப்பு தயாராக இருந்தது. அரைப் பக்கம். ஒன்பது திரள்களின் அளவுகள் கூடுதலாகக் கணக்கிடப்பட்டுவிட்டன, காரணம் மூன்றாம் எண் பட்டியலில் நேர்ந்த விடுபடல்கள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அவனுடையது ஏற்கெனவே இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக.

அவள் பேனாவை எடுத்துத் திறக்கவும் செய்தாள். போட்டுவிட்டால் அறிவியலுக்கு ஒரு குறையும் இல்லை, அளவுகள் சரியாகிவிடும். அவன் வேலை இருக்கும், வீடு இருக்கும். அண்ணிக்கு இந்த வயதில் மூட்டை கட்டி வேறு இடம் தேட வேண்டியிருக்காது. அவளுக்கு நேரப்போவது பெயரில் ஒரு சின்னக் கீறல், அதுவும் பாராட்டோடு சேர்ந்த கீறல். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அந்த நாளில் அவன் எங்கே இருந்தான் என்பதை இந்த உலகத்தில் யாரும் இனிமேல் கேட்க மாட்டார்கள். அவளும் கேட்காமல் இருந்துவிடலாம். அடுத்த வருடம் அந்தத் தேதி வரும்போது அவன் ஒரு கண்ணையும் சுண்டுவிரலையும் மறுபடி சொல்வான். வேண்டுமானால் நம்பிக்கொள்ளலாம். ஆறு வருடம் நம்பியவளுக்கு ஏழாவது வருடம் என்ன கஷ்டம்?

மேடம் ஆறுதலாகச் சொன்னார். "அவர் சொன்னப்போ எனக்கே தாங்கல. கடைசி நிமிஷம் வரைக்கும் கொழந்தை அவர் விரலை விடவே இல்லையாமே."

சோடா பேனாவை மூடினாள்.

"இது என் வட்டம் இல்ல, மேடம்."

மேடத்துக்குப் புரியவில்லை. சோடா எழுந்து போய், அவர் கணினியிலேயே கோப்பைத் திறந்து காட்டினாள். தான் எங்கே தொடங்குவாள், இந்தப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று. தன்னுடைய பழைய பட்டியல்கள் பத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு நேரத்தைக் காட்டினாள். இரண்டு ஐந்து முதல் ஐந்து நாற்பதுவரை, தான் மயக்கத்தில் இருந்த நேரம். மருத்துவமனைச் சீட்டு வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவருகிறேன் என்றாள். மூன்று முப்பத்து நான்குக்கும் மூன்று ஐம்பத்தைந்துக்கும் நடுவில் என்ன என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அது நிலையத்தின் சொத்து இல்லை.

மேடம் நேரங்களை மறுபடி ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். கடைசியில் அவர் பேசியபோது அந்தக் கண்டிப்பான குரலே இல்லை.

"ஒரு போன் போட்டிருந்தா போதுமேம்மா. தேதியைத் தள்ளி வெச்சிருப்பேன். ஒரு வாரம் கேட்டிருந்தா ஒரு மாசம் குடுத்திருப்பேன்."

*

விசாரணை மூன்று வாரத்தில் முடிந்தது. அவனை நீக்கினார்கள், அவன் பதவிக்காகக் கொடுத்த குடியிருப்பைக் காலி செய்ய அவளுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவன் கத்தவில்லை, அவளை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஊர் எல்லையில் இருக்கும் நண்பன் ஒருவனுடைய கிடங்கில் கணக்கெடுக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, ஒரு பெட்டியோடு கிளம்பினான். சட்டைகளை ஒரே அளவாக மடித்து அடுக்கியிருந்தான். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னான்.

"வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, எனக்கே நடந்த மாதிரி ஆயிடுச்சு, சோடா. அவ விரல் சூடு கூட ஞாபகம் இருக்கு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கதவை அறைந்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. லிஃப்ட் கதவு மூடப்போனது. அவன் நடையை எட்டிப் போடவில்லை. கதவு மூடிக்கொள்ள, அடுத்த லிஃப்டுக்காகப் பெட்டியோடு காத்து நின்றான். அவள் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள்.

அண்ணி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு வாரம் பாத்திரச் சத்தம் மட்டும்தான். என் தம்பி தப்பே செய்திருக்கட்டும், வேலைக்காகவா செய்தான், பெண்டாட்டிக்காகத்தானே செய்தான் என்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி இவள் காதில் விழும்படி சொன்னாள். அதில் பாதி உண்மை என்பதுதான் கஷ்டம்.

நிலையத்தில் அந்த ஒன்பது திரள்களுக்கும் புதிதாக வட்டம் போட்டார்கள். மூன்றாம் எண் அவள். ஐந்தாம் எண்ணாக மேடமே உட்கார்ந்தார், தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நத்தைக்கு அவள் இடது மேல் மூலையில் தொடங்கினாள். வயிற்றில் ஆறு, ஓட்டின் ஓரத்தில் இன்னும் மூன்று. எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகு மிச்சம் இருந்த வாயு, முன்பு சொன்னதில் பாதிகூட இல்லை. கோட்டுக்கு மேலே எழும்பி நின்ற ஒன்பதும் கீழே வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. பெரிய கண்டுபிடிப்பு என்று இனி ஒன்றுமில்லை. மங்கலான, சாதாரணமான ஒளி. எத்தனை முறை அளந்தாலும் அந்த எண் மட்டும் மாறவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அண்ணி கூடத்தில் உட்கார்ந்து, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த துணித் துண்டுகளைத் தலையணை உறைக்காக வெட்டிக்கொண்டிருந்தாள். சோடா பையைக் கழற்றாமலேயே எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு மூணரைக்கு அவருக்குப் போன் பண்ணது நீங்கதானே?"

கத்தரி நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது.

"அப்ப நீங்க அவகூட இருந்திருக்கீங்க."

அண்ணி துணியை முழுதாக வெட்டி முடித்தாள். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் சொல்றதைக் கேட்ட அன்னிக்குத்தான் நீ ஒரு வாய் சோறு தின்னே. அதை ஏன் நான் பிடுங்கணும்னு விட்டுட்டேன். அப்புறம் வருஷா வருஷம் அவன் ஒண்ணொண்ணா சேர்க்கும்போது, வாயைத் திறந்தா அவன் பொய்யனாயிடுவான்னு பேசாம இருந்தேன். எனக்கும் அது புடிச்சுத்தான் இருந்துச்சு. தும்மினாளாம். அந்த நெஞ்சுல தும்முற அளவுக்குக் காத்து எங்க இருந்துச்சு?"

"நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

"நீ தாங்க மாட்டே."

"சொல்லுங்க."

அண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அளவு சொல்கிற தையல்காரி போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"கண்ணைத் திறக்கவே இல்ல. அழவும் இல்ல. தலை நிறைய முடி இருந்துச்சு, நனைஞ்சு ஒட்டிக்கிட்டு. தோல் ரொம்ப மெல்லிசு, உள்ள இருக்கற நரம்பெல்லாம் தெரிஞ்சுது. மூக்கு யாரோடதுன்னு சொல்ற அளவுக்கு ஒரு மூக்கு இல்ல. மச்சம் நான் பார்க்கல. நர்ஸ் என்னை உள்ள விட்டாங்க, கைய விட்டுத் தொடலாம்னாங்க. விரல் எதையும் பிடிக்கல, விரிஞ்சே கெடந்துச்சு. நான்தான் மூடிப் பிடிச்சுக்கிட்டேன். ஒண்ணே முக்காலுக்கு மேல ஆயிடுச்சு அவ வந்தப்போ. அதுலேந்து மூணரை வரைக்கும் விடல. தனியா இல்ல அவ."

சோடா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாமல் அண்ணியின் முகம் ஒரு மங்கலாக மட்டும் தெரிந்தது. அழுகை வந்தது; ஆறு வருடமாக வந்துகொண்டிருந்த அழுகை இல்லை, வேறு ஒன்று. அண்ணி துணித் துண்டு ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சோடா கேட்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க, அண்ணி."

அண்ணி மறுபடி சொன்னாள். கண் திறக்கவில்லை, அழவில்லை, தலை நிறைய முடி, மெல்லிய தோல், விரிந்த விரல், மூடிப் பிடித்த கை. சோடா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவையும் ஒன்றும் கூடவில்லை.